நெஞ்சில் விழுந்த நிழல்

நேயர்களே, எங்கள் குடும்பத்துத் தகரப் பெட்டி ஒன்றில், நிலப் பத்திரங்களுக்கும் ஜாதகக் கட்டுகளுக்கும் அடியில், பழுப்பு நிறக் காகித உறை ஒன்று நெடுங்காலம் கிடந்தது. அதனுள்ளே இருந்தது ஒரு மனிதருடைய மார்பின் எக்ஸ்ரே படம். 1965ஆம் ஆண்டில் பெங்களூரில் எடுக்கப்பட்டது. திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி இந்நகரத்துப் பஞ்சாலை ஒன்றில் வந்து சேர்ந்த எங்கள் சின்னத் தாத்தாவின் படம் அது. வீட்டில் திருமணப் பேச்சு நடக்கும் நாட்களில் அந்தப் பெட்டியை எவரும் திறக்க மாட்டார்கள். சம்பந்தி வீட்டார் கண்ணில் அவ்வுறை பட்டுவிடக் கூடாது என்ற அச்சமே அதற்குக் காரணம். க்ஷயரோகம் கண்ட குடும்பம் என்ற பெயர் வந்துவிட்டால், அக்காலத்தில் பெண் கொடுப்பாரும் இல்லை, பெண் எடுப்பாரும் இல்லை.

ஒரு படம் ஏன் ஒரு குடும்பத்தை இவ்வாறு அஞ்ச வைக்க வேண்டும்? நெஞ்சகத்தின் உள்ளே ஒளிந்திருக்கும் நோயை வெளியே கொண்டுவந்து காட்டும் ஆற்றலை மனிதன் எவ்வாறு பெற்றான்? அவ்வாறு கண்ட நிழலை எவ்வளவு தூரம் நம்பலாம்? இக்கேள்விகளுக்கு விடை தேடிய பெரும் முயற்சிகளில் ஒன்று, நாம் இன்று வாழும் இந்தப் பெங்களூர் நகரத்திலேயே நடந்தது. மற்ற மாநிலங்களிலே தொழிலுக்காகக் குடியேறி, நெருக்கமான அறைகளிலும் ஆலைப் புழுதியிலும் வாழ்ந்துவரும் தமிழ் மக்கள் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது.

நோயாளியின் நெஞ்சிலே என்ன நடக்கிறது என்பதை அறிவதற்கு மருத்துவர்களிடம் முதலில் இருந்த கருவிகள் விரலும் செவியுமே. வியன்னா நகரத்து மருத்துவர் ஆவென்புருக்கர் என்பவர், மார்பை விரலால் தட்டி எழும் ஓசையைக் கொண்டு உள்நிலையை அறியும் முறையை 1761இல் வெளியிட்டார். 1816இல் பிரான்சு நாட்டு லாயென்னக், நோயாளியின் மார்புக்கும் தம் காதுக்கும் இடையே சுருட்டிய காகிதத்தை வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் பிறந்த கதை அதுதான். நுரையீரல் நோய்களை இனம் பிரித்து எழுதிவைத்த அப்பெருமகனார் 1826இல் க்ஷயத்தினாலேயே மாண்டார். செவி எவ்வளவு கூர்மையானதாயினும், நோய் முற்றிய பின்னரே அதற்குச் செய்தி எட்டுகிறது. ஆரம்ப நிலையில் நுரையீரலின் உச்சியில் தோன்றும் சிறு புண் ஓசை எதுவும் எழுப்புவதில்லை.

1882 மார்ச் 24ஆம் நாள், இந்நோயை உண்டாக்கும் கிருமியைத் தாம் கண்டுவிட்டதாக ராபர்ட் காக் பெர்லினில் அறிவித்தார். 1895 நவம்பர் 8ஆம் நாள் மாலையில், ஜெர்மனியின் உர்ட்ஸ்பர்க் நகரத்துப் பேராசிரியர் ரான்ட்கன், தம் ஆய்வுக்கூடத்தில் இனம் தெரியாத ஒரு கதிரைக் கண்டார். அறியப்படாதது என்ற பொருளில் அதற்கு எக்ஸ் என்று பெயரிட்டார். கிருமியைக் காட்டும் நுண்ணோக்கி ஒன்று, அது செய்த அழிவைக் காட்டும் கதிர் மற்றொன்று. பதின்மூன்று ஆண்டு இடைவெளியில் மருத்துவ உலகத்துக்குக் கிடைத்த இவ்விரண்டு கண்களில் எதை நம்புவது என்ற வழக்குத்தான், பின்னர் பெங்களூரில் விசாரணைக்கு வந்தது என்று சொன்னால் மிகையாகாது.

எக்ஸ்ரே படம் உண்மையில் ஒரு நிழல்தான். காற்று நிறைந்த நுரையீரலைக் கதிர் எளிதாகக் கடந்து செல்கிறது. அவ்விடம் படத்தில் கறுத்துக் காணும். எலும்பும் இதயமும் கதிரைத் தடுக்கின்றன. அவை வெளுத்துத் தோன்றும். கறுத்திருக்க வேண்டிய இடத்திலே ஒரு வெண்மைத் திட்டுக் காணப்படின், அங்கே காற்றுக்குப் பதிலாக வேறு ஏதோ புகுந்திருக்கிறது என்று பொருள். அது கிருமி செய்த புண்ணா, பழைய வடுவா, தூசியா, நீரா என்பதை நிழல் தன் வாயால் சொல்லாது. காண்பவர்தாம் சொல்ல வேண்டும்.

தென்னாட்டில் இந்நோய்க்கான மருத்துவமனைகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தன. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் 1915இல் ஏற்பட்டது. டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் 1928இல் நிறுவிய மருத்துவமனையின் பெயரை, இன்றும் சென்னை மின்சார ரயிலில் செல்வோர் ‘சானடோரியம்’ என்ற நிலையத்தின் பெயராகக் கேட்கலாம். மைசூரில் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார், க்ஷயத்துக்குப் பலியான தம் சகோதரி கிருஷ்ணாஜம்மண்ணியின் நினைவாக ஒரு சானடோரியம் அமைத்தார். அரண்மனைக் கதவும் அந்நோயைத் தடுக்கவில்லை. சென்னைப் பொது மருத்துவமனையில் பார்னார்டு கதிரியக்க நிலையம் 1934இல் திறக்கப்பட்டது. ஆனால் படம் எடுக்கக் கருவி கிடைத்ததே தவிர, நோயைத் தீர்க்க மருந்து கிடைக்கவில்லை. நல்ல காற்று, நல்ல உணவு, ஓய்வு ஆகிய மூன்றையும் வாங்கக்கூடியவர் சிலரே. திரைப்பட வேலைக்காகப் புனே சென்ற இடத்தில் நோய் முற்றி, திருவனந்தபுரம் திரும்பி, 1948 ஜூன் 30ஆம் நாள் தம் 42ஆம் வயதில் மறைந்த புதுமைப்பித்தனை நாம் அறிவோம். வெளி மாநிலத்தில் பிழைக்கப் போன தமிழர் ஒருவரின் கதை என்ற வகையிலும் அது நம் நெஞ்சைத் தொடுவதாகும்.

இந்நிலையில் எக்ஸ்ரேயை மக்கள் கூட்டத்துக்கே கொண்டு செல்லும் வழி ஒன்று பிறந்தது. பிரேசில் நாட்டு மருத்துவர் மனுவேல் தெ ஆப்ரியூ 1936ஆம் ஆண்டளவில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பெரிய படத்தகட்டில் நேராகப் பதிவு செய்யாமல், ஒளிரும் திரையில் விழும் மார்பு நிழலைச் சிறிய புகைப்படச் சுருளில் பிடிப்பதே அம்முறை. உள்ளங்கையில் அடங்கும் படம், குறைந்த செலவு, ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பேர். மின்சாரம் உற்பத்தி செய்யும் இயந்திரத்துடன் ஒரு வண்டியில் ஏற்றிவிட்டால், ஊர் ஊராகச் செல்லலாம். மேல்நாடுகள் தம் குடிமக்களை இவ்வாறு வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தன.

நம் நாட்டில் 1955 முதல் 1958 வரை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், டெல்லி, கல்கத்தா, பாட்னா, ஹைதராபாத், மதனப்பள்ளி, திருவனந்தபுரம் ஆகிய ஆறு வட்டாரங்களில் இச்சிறு படக் கருவியைக் கொண்டு கணக்கெடுப்பு நடத்தியது. அதன் முடிவு பலருடைய நினைப்பைப் புரட்டிவிட்டது. க்ஷயம் நகரத்து நோய், கிராமத்தின் காற்று தூயது என்று அதுவரை எல்லோரும் எண்ணியிருந்தனர். கணக்கிலோ நகரத்துக்கும் கிராமத்துக்கும் பெரும் வேற்றுமை இல்லை. ஆயிரம் பேரில் ஏறத்தாழ நான்கு பேர் கிருமியைக் கோழையில் வெளிப்படுத்தும் நோயாளிகளாக இருந்தனர். படத்தில் மட்டும் நோய்க்குறி காட்டியவர்கள் அதைப் போல் பல மடங்கு. இந்நாட்டின் மக்களிற் பெரும்பாலோர் கிராமத்தார். ஆகவே நோயாளிகளிற் பெரும்பாலோரும் கிராமத்தாரே என்பது தெளிவாயிற்று. சானடோரியம் கட்டி இத்தனை பேரையும் படுக்க வைப்பது நடவாத காரியம்.

அதே சமயத்தில் சென்னையிலிருந்து ஒரு நற்செய்தி வந்தது. 1956இல் அங்கே தொடங்கப்பட்ட க்ஷயரோக மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையத்தில், டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் ஓர் ஒப்பீடு நடந்தது. ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும், மற்றொரு பகுதியினருக்கு அவர்களது நெருக்கமான வீடுகளிலேயும் ஒரே மருந்துகள் அளிக்கப்பட்டன. 1959இல் வெளியான முடிவின்படி, வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அவ்வளவே குணமடைந்தனர். உடன் வாழ்ந்தோருக்கும் அதனால் கூடுதலான தீங்கு நேரவில்லை. மலைக்காற்றும் வெண்ணெயும் இல்லாவிடினும், மருந்தைத் தவறாது உட்கொண்டால் குடிசையிலும் நோய் தீரும் என்று உலகத்துக்கு எடுத்துக் காட்டியது சென்னை. அப்படியானால் எஞ்சிய கேள்வி ஒன்றே. நோயாளியை எவ்வாறு கண்டுபிடிப்பது?

இக்கேள்விக்கு விடை காணும் பொறுப்பு பெங்களூருக்கு வந்தது. மத்திய அரசு, உலக சுகாதார ஸ்தாபனம், ஐக்கிய நாட்டுக் குழந்தைகள் நிதி ஆகியவற்றின் உதவியுடன் தேசிய க்ஷயரோக நிலையத்தை 1959இல் இந்நகரில் ஏற்படுத்தியது. பெல்லாரி சாலையில் ‘அவலான்’ என்னும் மாளிகை அதன் இருப்பிடமாயிற்று. 1960 செப்டம்பர் 16ஆம் நாள் பிரதமர் நேரு அதனைத் திறந்து வைத்தார். அங்கே பணியாற்றியவர்களில் டென்மார்க்கு நாட்டு டாக்டர் ஹால்ஃப்டான் மாலர் ஒருவர். பின்னாளில் 1973 முதல் 1988 வரை உலக சுகாதார ஸ்தாபனத்தின் தலைமை இயக்குநராக விளங்கியவர் இவரே. மருத்துவர்களுடன் புள்ளியியலாரும் சமூகவியலாரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து வேலை செய்தது இந்நிலையத்தின் தனிச்சிறப்பு.

1960–61இல் இந்நிலையத்தார் துமகூர் மாவட்டத்துக்குச் சென்றனர். வீடு வீடாகப் பெயர் எழுதி, சிற்றளவு எக்ஸ்ரே எடுத்து, நிழல் காணப்பட்டவர்களின் கோழையைச் சோதித்தனர். முந்தைய கணக்கெடுப்பின் முடிவே இங்கும் உறுதியாயிற்று. ஆனால் வரலாற்றில் நின்றது அதைத் தொடர்ந்து நடந்த வேறோர் ஆராய்ச்சி. டி. பானர்ஜி என்னும் மருத்துவரும் ஸ்டிக் ஆண்டர்சன் என்பவரும் சேர்ந்து, கணக்கெடுப்பில் நோயாளி என்று அறியப்பட்டவர்களின் வீடுகளுக்குச் சென்றனர். அவர்கள் கையில் எக்ஸ்ரே கருவி இல்லை, கேள்விகள் மட்டுமே இருந்தன. உமக்கு உடம்பில் ஏதேனும் குறை உண்டா? அதைப் பற்றிக் கவலைப்பட்டீரா? அதற்காக எங்கேனும் சென்றீரா?

கிராமத்து மக்கள் அறியாமையில் மூழ்கியவர்கள், நோய் வந்ததையே உணராதவர்கள், ஆகவே வண்டி கட்டிச் சென்று அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்பதே கற்றோரின் எண்ணமாக இருந்தது. 1963இல் வெளியான இவ்வாராய்ச்சியின் முடிவு அவ்வெண்ணத்துக்கு நேர்மாறானது. கோழையில் கிருமி இருந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருமே இருமலையும் காய்ச்சலையும் உணர்ந்திருந்தனர். பெரும்பாலோர் அதுபற்றிக் கவலையும் கொண்டிருந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே ஒரு மருத்துவச் சாலையின் படியேறி வந்தவர்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது என்ன? ஒரு புட்டி இருமல் மருந்து. கோழையைச் சோதிப்பாரும் இல்லை, நெஞ்சைப் பார்ப்பாரும் இல்லை. நோயாளி மருத்துவரைத் தேடி வந்தார். மருத்துவச் சாலைதான் நோயாளியைக் காணத் தவறியது.

இதைப் படித்தபோது, எங்கள் சின்னத் தாத்தாவின் கதை நமக்கு விளங்கிற்று. அவரும் 1965க்கு முந்திய பல மாதங்கள், ஆலை வேலை முடிந்ததும் ஒரு மருந்தகத்துக்கு நடந்து, சிவப்பு நிற மருந்துத் தண்ணீரைப் புட்டியில் வாங்கி வந்தவரே. புட்டியின் மேல் வேளைக்கு இவ்வளவு என்று காகிதத்தை வெட்டி ஒட்டியிருப்பார்களாம். மூன்றாவது முறை மற்றோர் இடத்தில் யாரோ ஒருவர் கோழையைச் சோதிக்கச் சொன்னதனால் உயிர் பிழைத்தார். எக்ஸ்ரே படம் அதன் பின்னர் எடுக்கப்பட்டதேயாகும்.

படத்தைப் பற்றியே வேறொரு சங்கடமும் அக்காலத்து அறிஞர்களை வாட்டியது. அமெரிக்காவில் யெருஷல்மி என்ற புள்ளியியலாரும் அவருடைய தோழர்களும், ஒரே படக்கட்டைத் தேர்ந்த மருத்துவர் சிலரிடம் தனித்தனியே கொடுத்து 1947இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். நோய்க்குறி உள்ள படங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை ஒவ்வொருவரும் தவறவிட்டனர். அது மட்டுமன்று. அதே படங்களைச் சில காலம் கழித்து அதே மருத்துவரிடம் மீண்டும் கொடுத்தபோது, பல இடங்களில் அவர் தாமே முன்பு சொன்னதை மறுத்தார். இதை நன்கறிந்த பெங்களூர் நிலையத்தார், ஒவ்வொரு படத்தையும் இருவர் தனித்தனியே பார்க்க வேண்டும், கருத்து மாறினால் மூன்றாமவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டனர். ஒரு படம் ஒரு சாட்சி. சாட்சி ஒருவர் சொல்லைக் கொண்டு மட்டும் ஒரு மனிதனுக்கு ஒன்றரை ஆண்டு மருந்து என்று தண்டனை விதிக்கலாகாது அல்லவா?

நிழல் ஏமாற்றும் என்பதற்குத் தென்னாட்டிலேயே இரு பெரும் சான்றுகள் உண்டு. ஆரோக்கியவரம் சானடோரியத்தில், க்ஷயம் என்று சேர்க்கப்பட்ட சிலரிடம் கோழையில் கிருமி இல்லை, இரத்தத்தில் மட்டும் ஒருவகை வெள்ளணுக்கள் மிகுந்திருந்தன. படமோ நுரையீரல் முழுதும் நுண்ணிய புள்ளிகளைக் காட்டியது. இது க்ஷயம் போல் வேடமிட்ட வேறு நோய் என்று ஃபிரிமோட்-மோலரும் பார்ட்டனும் 1940இல் எழுதினர். ஈசனோபிலியா என்று இன்று நாம் அனைவரும் அறிந்த அந்நோய், யானைக்கால் நோய்க்குரிய புழுவோடு தொடர்புடையது என்பது பின்னர்த் தெரிந்தது. தக்க மருந்துக்கு விரைவில் அடங்கும் அந்நோய்க்காக எத்தனை பேர் மாதக்கணக்கில் சானடோரியப் படுக்கையில் கிடந்தனரோ!

இரண்டாவது சான்று தமிழர்க்கு மிக அண்மையது. பெங்களூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலுக்கு வட ஆற்காடு, தருமபுரிச் சீமைகளிலிருந்து தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சென்றனர். பூமிக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, படிகக் கல்லைத் துளைத்து வெடி வைத்து, அத்தூசியைச் சுவாசித்தனர். சிலிக்கோசிஸ் என்னும் தூசி நோய் இந்தியாவில் முதன்முதலாக 1947இல் ஆராய்ந்து எழுதப்பட்டது அங்குதான். படத்தில் நுரையீரலின் மேற்பகுதியில் கடுகு தூவினாற்போல் வட்டப் புள்ளிகள் தோன்றும். க்ஷயமும் மேற்பகுதியையே விரும்பும். ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது எளிது. போதாக்குறைக்குத் தூசி படிந்த நுரையீரலில் க்ஷயக் கிருமி எளிதாகக் குடிபுகும். ஆகவே ஒரே நெஞ்சில் இரண்டும் இருக்கலாம். க்ஷயம் என்றால் கிருமியின் மேல் பழி. தூசி நோய் என்றால் சுரங்க முதலாளி நஷ்டஈடு தர வேண்டும். ஒரு நிழலுக்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து, ஒரு தொழிலாளியின் விதவைக்கு வர வேண்டிய பணமும் நிர்ணயமாகும். 2001ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயினும் மார்பில் படிந்த தூசி கரைவதில்லை.

மீண்டும் பெங்களூருக்கு வருவோம். இவ்வளவும் சீர்தூக்கிப் பார்த்து நிலையத்தார் எடுத்த முடிவு எளிமையானது; அதனாலேயே துணிவானதும் ஆகும். எக்ஸ்ரே வண்டியை ஊர் ஊராக அனுப்பி ஆரோக்கியமானவர்களையெல்லாம் வரிசையில் நிறுத்த வேண்டாம். இருமலோடு மருத்துவச் சாலைக்குத் தாமே வருபவரின் கோழையை, அங்கேயே ஒரு சாதாரண நுண்ணோக்கியின் கீழ் பாருங்கள். பிறருக்கு நோயைப் பரப்புபவர் அவர்தாம். முதலில் அவரைக் குணப்படுத்துங்கள். எக்ஸ்ரே கருவி மாவட்டத் தலைநகரில் ஒன்று இருக்கட்டும். ஐயத்துக்குரிய இடங்களில் அது துணை செய்யட்டும். 1962இல் தொடங்கிய தேசியத் திட்டம் இவ்வடிப்படையில், சுமார் 15 லட்சம் மக்கள் கொண்ட மாவட்டம் ஒன்றை அலகாகக் கொண்டு வகுக்கப்பட்டது. 1967இல் பெய்லியும் அவருடைய தோழர்களும் வெளியிட்ட ஆராய்ச்சி, கிராமத்து மருத்துவச் சாலை ஊழியர்களாலேயே இவ்வேலையைச் செய்ய முடியும் என்று காட்டியது. பல ஏழை நாடுகள் இவ்வழியைப் பின்பற்றின.

அதே ஆண்டுகளில் மற்றொரு நீண்ட ஆராய்ச்சியும் நடந்தது. பெங்களூர் மாவட்டத்தின் 119 கிராமங்களில் 1961 முதல் 1968 வரை நான்கு முறை கணக்கெடுத்தனர். சிகிச்சை பரவலாக எட்டாத அந்நாளில், கோழையில் கிருமி கண்டவர்கள் ஐந்தாண்டுகளுக்குப் பின் என்ன ஆயினர் என்பதை அது காட்டிற்று. ஏறத்தாழ பாதிப் பேர் இறந்தனர். மூன்றில் ஒரு பங்கினர் தாமாகவே கிருமியற்றவராயினர். எஞ்சியவர், நூற்றுக்கு 18 பேர், இன்னும் இருமிக்கொண்டும் பரப்பிக்கொண்டும் இருந்தனர். உலகெங்கும் இந்நோயைப் பற்றிய பாடநூல்கள் இவ்வெண்களை எடுத்தாளுகின்றன. அவை வெறும் எண்கள் அல்ல. நெலமங்கலத்துப் பேருந்தில் நம்மோடு உட்கார்ந்து வருபவர்களின் பாட்டன் பாட்டிமாரின் உயிர்க் கணக்கு என்பதை நாம் மறக்கலாகாது.

ஆயினும் வரலாறு அங்கே முற்றுப் பெறவில்லை. க்ஷயம் தீர்ந்த பிறகும் நுரையீரல் முன்போல் ஆவதில்லை. எங்கள் சின்னத் தாத்தா ஒன்றரை ஆண்டு மருந்துண்டு குணமடைந்து, ஆலைக்குத் திரும்பி, ஓய்வும் பெற்றார். ஆனால் ஐம்பது வயதுக்கு மேல் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். மழைக்காலத்தில் கோழை பெருகும். புதிதாக ஒரு மருத்துவரிடம் போனால் அவர் படம் எடுப்பார். படத்தில் வெண்மை தெரியும். மீண்டும் டி.பி. என்று மருந்து எழுதுவார். இவ்வாறு இரண்டு முறை, கோழையைச் சோதிக்காமலேயே, மாதக்கணக்கில் மருந்துண்டார். அம்மருந்துகளால் வயிறும் கெட்டது. இறுதியாக வந்த மருத்துவர் ஒருவர், “பழைய படம் ஏதேனும் உண்டா?” என்று கேட்டார். சிறுவராயிருந்த நாம்தான் தகரப் பெட்டியைத் திறந்து, அந்தப் பழுப்பு உறையைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் அவர் நெடுநேரம் பார்த்தார். வெண்மை அதே இடத்தில் அதே அளவில் இருந்தது. கோழையிலும் கிருமி இல்லை. “நெருப்பு அணைந்து முப்பது ஆண்டு ஆயிற்று, இது கரி மட்டுமே” என்றார். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தும் மூச்சுப் பயிற்சியும் கொடுத்தார். எந்தப் படத்தை மறைத்து வைத்தோமோ, அந்தப் படமே அவரைத் தேவையற்ற மருந்திலிருந்து மீட்டது.

அக்கரியின் வடிவத்தை நுணுகிக் காட்டும் கருவியும் வந்துவிட்டது. இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்டு அமைத்த சி.டி. ஸ்கேன் கருவி 1971இல் முதல் நோயாளியைப் படம் பிடித்தது. 1979இல் அவருக்கும் கார்மாக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. சாதாரணப் படத்தில் முன்னும் பின்னும் உள்ளவை ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. சி.டி. ஸ்கேனோ உடலைக் குறுக்கே மெல்லிய துண்டுகளாக நறுக்கினாற்போல் காட்டுகிறது. விரிந்து கெட்ட மூச்சுக்குழாய், சுவர் இழந்து பைகளாகிவிட்ட காற்றறைகள், நார்போல் இறுகிய திசு ஆகியவற்றை அது பிரித்துக் காட்டும். நாட்பட்ட நுரையீரல் நோய் என்று ஒரே பெயரால் நாம் குறிப்பது ஒரே நோயன்று, பல நோய்கள் என்பதைப் படத்தின் துணையால் மருத்துவம் தெளிவாக உணர்ந்தது. புகையிலையால் வருவது, அடுப்புப் புகையால் வருவது, பஞ்சுத் தூசியால் வருவது, பழைய க்ஷயத்தின் எச்சமாக வருவது என ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. ஆயினும் மூச்சு எவ்வளவு வெளியேறுகிறது என்பதை அளக்கும் சிறு ஊதுகருவியின் சோதனையும் உடன் வேண்டும். படம் உருவத்தைக் காட்டும். நுரையீரலின் உழைப்பை ஊதுகருவியே அளக்கும்.

இனி, வழக்கு மீண்டும் திறக்கப்பட்ட செய்தியைச் சொல்லி முடிக்க வேண்டும். 2019 முதல் 2021 வரை நாடு முழுதும் நடந்த க்ஷயரோகக் கணக்கெடுப்பில், இருமல் முதலிய குறிகளை விசாரித்ததோடு எல்லோருக்கும் மார்புப் படமும் எடுத்தனர். கிருமி உறுதியானவர்களில் நூற்றுக்கு 42 பேருக்கு மேல், படம் எடுத்திராவிட்டால் தப்பியிருப்பர் என்று தெரிந்தது. நோய் இருந்தும் குறி தோன்றாதவர்கள் அவர்கள். அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒதுக்கி வைக்கப்பட்ட எக்ஸ்ரே, கையில் எடுத்துச் செல்லும் சிறு கருவியாக மீண்டும் கிராமத்துக்குப் புறப்பட்டிருக்கிறது. படத்தைப் பார்க்கக் கணிப்பொறியையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் பரிந்துரைத்தது. ஒரே படத்தை இருமுறை பார்த்து இருவிதமாகச் சொல்லும் களைப்பு கணிப்பொறிக்கு இல்லை. எனினும் அது ஐயத்தைத்தான் எழுப்பும். கிருமிச் சோதனைதான் முடிவு சொல்லும்.

அப்படியாயின் 1962இல் பெங்களூர் தவறு செய்ததா? நாம் அவ்வாறு எண்ணவில்லை. அதே புதிய கணக்கெடுப்பில், குறிகள் இருந்தும் மருத்துவரிடம் போகாதவர்கள் மூன்றில் இரண்டு பங்கினர் என்று தெரிகிறது. படியேறி வந்தவரைக் கவனியுங்கள் என்ற அன்றைய நீதி இன்றும் நிறைவேறவில்லை. அதனோடு, வராதவரையும் தேடுங்கள் என்ற இன்னொன்று சேர்ந்திருக்கிறது. இரு கண்களும் வேண்டும் என்பதே தீர்ப்பு.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நமக்கு இவ்வரலாற்றில் ஒரு சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. படத்தில் நிழல் காணப்பட்டவரை ஆங்கிலத்தில் நெடுங்காலம் குற்றவாளியைக் குறிக்கும் அதே சொல்லால்தான் எழுதி வந்தனர். அதைத் தமிழில் ‘சந்தேகத்துக்குரியவர்’ என்று எழுதும்போதெல்லாம், போலீஸ் நிலையத்துப் பலகை நம் கண்முன் நிற்கும். உலக சுகாதார ஸ்தாபனமே 2013இல் அச்சொல்லைக் கைவிட்டது. ‘சோதனை தேவைப்படுபவர்’ என்று இப்பொழுது நாம் எழுதுகிறோம். இருமுவது குற்றமன்று. ஆயினும் குற்றம்போல் மறைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. வெளி மாநிலத்தில் வேலை போய்விடுமோ, வீட்டுக்காரர் அறையைக் காலி செய்யச் சொல்வாரோ என்ற அச்சம் அதை இருமடங்காக்குகிறது.

ஆகவே நேயர்களே, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், இருமல் மருந்துப் புட்டியோடு திரும்பி வராதீர்கள். கோழைச் சோதனையையும் மார்புப் படத்தையும் கேட்டுப் பெறுங்கள். அரசு மருத்துவமனைகளில் க்ஷயத்துக்கான சோதனையும் மருந்தும் இலவசம். ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறினாலும், பதிவை மாற்றிக்கொண்டு அங்கேயே மருந்தைத் தொடரலாம். எடுத்த படத்தை எறிந்துவிடாதீர்கள். எங்கள் தகரப் பெட்டியிலிருந்த அவ்வுறை இப்பொழுது அலமாரியில், எல்லோரும் காணும் இடத்தில் இருக்கிறது. சின்னத் தாத்தாவின் பெயரும் ஆண்டும் அதன்மேல் எழுதப்பட்டிருக்கின்றன.